மிளகுக்கொடியின் குறுக்குவெட்டு

எங்கள் மலைப் பள்ளிக்கூடத்துக்கு உயிரியல் குரூப் வந்தது 1998 ஜூனில். அதற்கு முன்னால் பிளஸ் டூ என்றால் வரலாறும் பொருளாதாரமும்தான். தவளை அறுக்கிற குரூப் வந்துவிட்டதாம் என்று சோளக்காட்டுச் சந்தை வரைக்கும் பேச்சாகக் கிடந்தது. பலாப்பழம் விற்கிறவர்கூட எங்களை நிறுத்தி, மனுசனையும் அறுப்பீங்களா என்று கேட்டார். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒன்பது பேர் சேர்ந்தோம். ஒன்பதாவதாக வந்தவள் பழனாயி. அவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். முதல் நாளே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறைத்தேன் என்று யாரும் பேசக்கூடாது.

அவள் எடப்புளி நாட்டுக்காரி. நான் அரியூர் நாட்டுப் பெண். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. எங்களைவிட அவள் இரண்டு வயது மூத்தவள், ஒரு சாண் உயரம் வேறு. பத்தாவதில் அறிவியலில் கோட்டைவிட்டு, வீட்டில் இருந்து மறுபடி எழுதித் தேறியவள். அப்படிப்பட்டவளுக்கு உயிரியல் குரூப்பா என்று ஹெட்மாஸ்டர் யோசித்தார். அவளுடைய அப்பா சுப்பண்ணன் மூன்று தடவை மலைப்பாதையில் நடந்து வந்து ஹெட்மாஸ்டர் அறை வாசலில் நின்றார். மூன்றாவது தடவை சீட்டுக் கிடைத்தது. திரும்பிப் போகும்போது அவர் மகளிடம் சொன்னது வராந்தாவில் நின்ற எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

"இனியொருக்கா இந்த வாசல்ல வந்து நிக்க என்னால ஆகாது கண்ணு. இதுல தேறுனாப் பாக்கலாம். இல்லாட்டி ஊட்டுக்கு வந்து கெழங்கு புடுங்கு."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை.

முதல் வகுப்பில் கோகிலா டீச்சர் எல்லோரையும் என்ன ஆகப்போகிறீர்கள் என்று கேட்டார். எட்டுப் பேரும் கூசாமல் டாக்டர் என்றோம். பழனாயி மட்டும் ரத்தம் பார்க்கிற வேலை என்றாள். ஒருமுறை காய்ச்சலில் அவளை நாமக்கல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்களாம். அங்கே ஒருத்தர் ஸ்டூலில் உட்கார்ந்து மைக்ராஸ்கோப்பில் அவளுடைய ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். என் ரத்தந்தானே, நானும் பார்க்கிறேன் என்று இவள் கேட்டிருக்கிறாள். அவர் விரட்டிவிட்டார். அன்றைக்கு ஆரம்பித்த ஆசை. நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். டாக்டர் குரூப்பில் சேர்ந்துகொண்டு ஒருத்தி ஸ்டூலுக்கு ஆசைப்படுகிறாளே!

கோகிலா டீச்சருக்கு ஊர் அடிவாரத்தில். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எங்களைப் பார்த்து அவருக்குப் பயம், அவரைப் பார்த்து எங்களுக்குப் பயம். அந்தப் பயத்தை மறைக்கத்தானோ என்னவோ, பெரிய அட்டையில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் வகுப்பு விதிகள் என்று பதினொன்றை எழுதி லேப் சுவரில் ஒட்டினார். ரெக்கார்டு நோட்டில் இடது பக்கம் படம், வலது பக்கம் எழுத்து. படம் பென்சிலில்தான். லேபுக்குள் எதையும் வாயில் போடக்கூடாது. உடைந்த கண்ணாடியைக் கையால் தொடக்கூடாது. இப்படியே போகும். விதிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு லீடர் வேண்டும் என்றார். உயரமாக இருந்ததாலோ, முன்னால் நின்றதாலோ, பழனாயியைக் கைகாட்டினார். பாவம் டீச்சர், தான் என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரியாது.

பழனாயி அந்த அட்டையைச் சாமி வாக்கு மாதிரி எடுத்துக்கொண்டாள். மூன்றாவது விதி, லேபுக்குள் செருப்புப் போட்டுத்தான் வரவேண்டும். அமிலம் சிந்தினால் காலைச் சுட்டுவிடும் என்பதற்காக. எங்கள் மலையில் எந்த வாசலைக் கண்டாலும் செருப்பைக் கழற்றத்தான் கால் பழகியிருக்கும். நாங்கள் கோயிலுக்குப் போகிற மாதிரி வாசலில் வரிசையாகக் கழற்றிவிட்டு உள்ளே போவோம். பழனாயி வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொருத்தரையும் திருப்பி அனுப்புவாள். மூன்று பேரிடம் செருப்பே இல்லை. அவர்களைச் சந்தையில் ரப்பர் செருப்பு வாங்க வைத்த பிறகுதான் விட்டாள். அவள் போட்டுவந்தது அவளுடைய அப்பாவின் செருப்பு. இரண்டு காலையும் ஒன்றில் விடலாம் போல இருக்கும். ஒருநாள் டீச்சரே ஈரச் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். அவரையும் திருப்பி அனுப்பினாள். டீச்சர் முகம் சிவந்து போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். எனக்கு உள்ளுக்குள் கும்மாளம்.

ஆனால் அவளுக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனது ஏழாவது விதியில். புத்தகத்தைப் பார்த்து வரையாதே, கண்ணால் பார்த்ததை வரை. இதுதான் ஏழு. எனக்குக் கை நன்றாக வரும். புத்தகத்தில் உள்ள படத்தை அச்சு அசலாக நோட்டில் இறக்கிவிடுவேன். என் ரெக்கார்டு நோட்டைப் பக்கத்து வகுப்புக்காரர்கள்கூட வாங்கிப் பார்ப்பார்கள். பழனாயியின் நோட்டைப் பார்த்தால் கண்ணில் தண்ணீர் வரும், சிரித்துச் சிரித்து. கோடு கோணல். வட்டம் முட்டையாக இருக்கும். வெங்காயத் தோலை வரையச் சொன்ன அன்றைக்கு, நடுவில் கறுப்பாக உருண்டையாக ஒன்றை வரைந்து கோடு இழுத்துக் காற்றுக் குமிழி என்று எழுதியிருந்தாள். ஸ்லைடு வைக்கும்போது உள்ளே சிக்கிய குமிழியைக்கூட விடவில்லை! நான் அதை எல்லோருக்கும் காட்டிச் சிரித்தேன். டீச்சருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவளுக்கு டிக் போட்டுவிட்டு, என் நோட்டைக் கையில் எடுத்து, நல்லா வரைஞ்சிருக்கே, எங்கே பார்த்து வரைஞ்சே என்று கேட்டார். மைக்ராஸ்கோப்பைப் பார்த்துத்தான் என்றேன். பழனாயி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

இரண்டு வருடம் இப்படியே ஓடி, 2000 பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் உயிரியலுக்கு முதல் தேர்வு. ஒரு வாரமாகவே பள்ளிக்கூடம் முழுக்கத் திருவிழாக் கணக்காக இருந்தது. எங்களிடம் இருந்தது ஒரே மைக்ராஸ்கோப். இன்னும் இரண்டைக் கீழே இருந்து இரவல் வாங்கி, துணியில் சுற்றி, டீச்சரே மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தார். தேர்வு நடத்த வெளியூர் வாத்தியார் வருகிறார் என்று லேபைக் கழுவிவிட்டோம். செய்முறையில் போய்விட்டால் எழுத்துத் தேர்வில் எவ்வளவு வாங்கினாலும் தேறமுடியாது. அதனால் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

தாவரப் பகுதியில் தண்டு வெட்டிப் படம் வரையவேண்டும். அதற்குத்தான் மார்க் அதிகம். இருவித்திலைத் தாவரத்துக்குச் சூரியகாந்தித் தண்டு. மலையில் சூரியகாந்தி ஏது? டீச்சர் கீழே இருந்து விதை கொண்டுவந்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நாங்களே பாத்தி கட்டி வளர்த்தோம். சுற்றிலும் வேலி, ஒரு படல். ஒவ்வொரு வாரம் ஒருத்தர் பொறுப்பு. தேர்வு வாரத்தில் பொறுப்பு என்னுடையது.

முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் ஊற்றிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். படலைச் சாத்தவில்லை. காலையில் ஏழு மணிக்கு வந்து பார்த்தால் பாத்தியில் ஒரு தண்டுகூட இல்லை. அடிக்கட்டைதான் நிற்கிறது. நடுவில் பக்கத்துத் தோட்டத்துக் கருப்பண்ணன் வீட்டு வெள்ளாடு அசைபோட்டுக்கொண்டு என்னை ஏறிட்டுப் பார்த்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதைக் கடித்தே தின்றிருப்பேன். டீச்சரிடம் சொல்லலாமா? சொன்னால் என் மானம் கப்பலேறும். போதாததற்குப் பழனாயி என் முகத்தையே பார்ப்பாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் கருப்பண்ணனின் சில்வர் ஓக் மரம். அதில் மிளகுக்கொடி தளதளவென்று ஏறியிருந்தது. சட்டென்று மூளை வேலை செய்தது. மிளகு இலை அகலம், நரம்பு வலைப்பின்னல். அப்படியானால் இருவித்திலைத் தாவரம். சூரியகாந்தியும் இருவித்திலை. உள்ளே எல்லாம் ஒன்றாகத்தானே இருக்கும்! அவன் ஆடு என் சூரியகாந்தியைத் தின்றது, அவன் மிளகை நான் வெட்டுகிறேன், சரிக்குச் சரி. இளங்கொடியாகப் பார்த்து வெட்டினேன். இலையை எல்லாம் உருவினேன். துண்டு துண்டாக நறுக்கித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு, லேப் மேசையில் வைத்தேன். டீச்சர் அவசரத்தில் கிண்ணத்தைப் பார்த்து, தண்டு வந்துருச்சா, சரி என்று போய்விட்டார். எனக்கு என் புத்திசாலித்தனத்தின்மேல் ஒரே மதிப்பு.

தேர்வு நடத்த வந்தவர் அர்த்தனாரி சார். மலைப்பாதையின் எழுபது வளைவில் பஸ் அவரைப் போட்டு உலுக்கியிருந்தது. மூக்குக்கு நேராக ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தார். ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. காலையில் விலங்குப் பகுதி. ஒவ்வொரு பொருளாகக் காட்டிப் பெயரும் குறிப்பும் எழுதச் சொன்னார்கள். பழனாயி இரண்டு பொருளுக்குத் தெரியவில்லை என்று எழுதிவிட்டு வந்தாளாம். கேட்டதும் எனக்கே பகீர் என்றது. எதையாவது கிறுக்கிவைக்கக்கூடாதா? இனிமேல் தண்டு வெட்டும் கேள்விதான் அவளைக் கரையேற்றவேண்டும்.

மதியம் அதுதான் வந்தது. கோகிலா டீச்சர் அலுவலக அறையில் தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தார். லேபில் நாங்களும் அர்த்தனாரி சாரும்தான். ஆளுக்கொரு துண்டு எடுத்து பிளேடால் சீவ ஆரம்பித்தோம். முதல் சீவலிலேயே மிளகு வாசம் கும்மென்று கிளம்பியது. எங்கள் மலையில் பிறந்த பிள்ளைக்கு அந்த வாசம் தெரியாமல் இருக்குமா? தேவராஜ் தலையைத் தூக்கி மோந்து பார்த்தான். சுஜிதா என்னைப் பார்த்தாள். ஒன்பது பேருக்கும் தெரிந்துவிட்டது. எலுமிச்சம்பழத்துக்குப் பின்னால் இருந்தவருக்கு மட்டும் தெரியவில்லை. யாரும் வாயைத் திறக்கவில்லை. தேர்வில் பேசினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். தலையைக் குனிந்துகொண்டு சிவப்புச் சாயம் ஏற்றி, ஸ்லைடு வைத்து, மூன்று மைக்ராஸ்கோப்பிலும் முறை வைத்துக் குனிந்து நிமிர்ந்தோம். பிறகு எட்டுப் பேரும் சூரியகாந்தியை வரைந்தோம். ஒரே ஒரு வளையமாகக் குழாய்க் கற்றைகள், நடுவில் கற்றையே இல்லாத வெறும் சோற்றுப்பகுதி. கண்ணை மூடிக்கொண்டு வரைகிற படம்.

அர்த்தனாரி சார் நாங்கள் குரூப்பில் சேர்ந்த வரிசையில் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுத் தாளைப் பார்த்தார். நல்லாருக்கு, நல்லாருக்கு என்று சிவப்புப் பேனாவால் மார்க் போட்டுக்கொண்டே போனார். என் படத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்து ரசித்தார். கடைசியாகப் பழனாயி. அவள் தாளைப் பார்த்ததும் எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்தார். சத்தமாகவே படித்தார்.

இது இருவித்திலைத் தாவரத்தின் தண்டு. கற்றைகள் வளையமாக உள்ளன. வளையத்துக்கு உள்ளேயும் கற்றைகள் உள்ளன. உள்ளே ஏன் உள்ளன என்று எனக்குத் தெரியவில்லை.

"ஏம்மா, பரீட்சைத் தாள்ல யாராவது தெரியலைன்னு எழுதுவாங்களா? எட்டுப் பேர் சரியா வரைஞ்சிருக்காங்க. உனக்கு மட்டும் என்ன வந்துச்சு? இருவித்திலையும் இல்லாம ஒருவித்திலையும் இல்லாம ரெண்டுங்கெட்டானா வரைஞ்சு வெச்சிருக்க."

"இருக்கறதத்தானுங்க வரைஞ்சேன்."

இரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் அவள் குரல் நடுங்கிக் கேட்டேன். மிளகு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடுவாள். யார் கொண்டுவந்தது என்ற கேள்வி வரும். அதனால்தான் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவர் பேனா மூடியைக் கழற்றினார். படத்துக்குக் குறுக்கே கோடு போடக் கை போனது. சுப்பண்ணன் வராந்தாவில் சொன்னது என் காதில் அப்படியே கேட்டது. எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை, நாற்காலி விழ எழுந்துவிட்டேன்.

"சார், அது சூரியகாந்தி இல்லீங்க. மொளகுக்கொடிங்க. சூரியகாந்திய ஆடு தின்னுருச்சுங்க. நாந்தாங்க மாத்தி வெச்சேன்."

அர்த்தனாரி சார் அன்றைக்கு முதன்முதலாக நாற்காலியை விட்டு எழுந்தார். பழனாயியின் ஸ்லைடைக் குனிந்து பார்த்தார். அடுத்த ஸ்லைடு. அதற்கடுத்தது. ஒன்பதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த கோகிலா டீச்சரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். டீச்சர் நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. ஒன்பது ஸ்லைடிலும் பழனாயி வரைந்ததுதான் இருந்தது.

மிளகு என்று உங்களுக்கெல்லாம் தெரியுமா என்று அவர் எங்களைப் பார்த்துக் கேட்டார். கடைசியில் தேவராஜ்தான் மெதுவாக, வாசம் அடிச்சுதுங்க என்றான். அர்த்தனாரி சாருக்குக் கோபம் வருமா சிரிப்பு வருமா என்று புரியாமல் நாங்கள் நின்றோம். அவர் பழனாயியின் பக்கம் திரும்பினார்.

"இது ஏன் இப்படி இருக்குன்னு எனக்கும் தெரியாதும்மா."

சொல்லிவிட்டு அவள் தாளில் அந்தக் கேள்விக்கு முழு மார்க் போட்டார். எங்கள் எட்டுப் பேர் படத்தையும் அடித்தார். ஏழு பேருக்கு அரை மணி நேரம் தந்து, பார்த்து வரையுங்கள், பாதி மார்க் உண்டு என்றார். மாற்றி வைத்தவளுக்கு மறுவாய்ப்பு கிடையாது என்று என்னை வெளியே போகச் சொன்னார். கல்லூரியில் தனக்குத் தெரிந்த பேராசிரியரிடம் கேட்கவேண்டும் என்று மிளகுக்கொடியில் ஒரு துண்டை ஈரத்துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டதையும் வாசலில் இருந்து பார்த்தேன்.

ஒன்பது பேரும் தேறினோம். காலையில் விலங்குப் பகுதி கைகொடுத்ததால் நான் மயிரிழையில் தப்பினேன். பழனாயி சேலத்தில் லேப் டெக்னீஷியன் படித்தாள். இப்போது எங்கள் மலையிலேயே சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்க்கிறாள். அவள் எழுதிக்கொடுத்தால் டாக்டர் இரண்டாம் தடவை கேட்பதில்லை என்று சொல்கிறார்கள். நான் டாக்டராகவில்லை. துணிக்கடைக்குப் பெயர்ப் பலகை எழுதுகிறேன், நல்ல பெயர்தான். இதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்றைக்கு நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அவமானம் ஒரு பக்கம், அவள் தப்பித்துவிட்டாள் என்ற சந்தோஷம் ஒரு பக்கம். இரண்டும் ஒன்றாக வந்தால் அழுகையைத் தவிர என்ன வரும்? பழனாயி வெளியே வந்து எதிரில் நின்றாள். படலைப் பற்றி, ஆட்டைப் பற்றி, ஒளித்ததைப் பற்றி ஒரு பாட்டம் திட்டுக் கிடைக்கும் என்று காத்திருந்தேன்.

"கொடிய வெட்டுனவளே நீதான். அப்பறமும் சூரியகாந்திய வரைஞ்சிருக்கியே புள்ள. உள்ள என்ன இருக்குதுன்னு ஒருக்கா பாக்கத் தோணலியா உனக்கு?"

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு லேபுக்குள் போனாள். ஏழு பேரும் வரைந்து முடித்திருந்தார்கள். ஸ்லைடுகளைக் கழுவ டீச்சர் வாளியில் தண்ணீர் எடுத்து வைத்திருந்தார். பழனாயி அவரிடம் ஒரு நிமிஷம் கேட்டு வாங்கி, தன் ஸ்லைடை வைத்து, என் தலையைப் பிடித்துக் குனிய வைத்தாள். ஒரு கண்ணை மூடு என்றாள். முதலில் என் இமைமயிர்தான் தெரிந்தது. அவள் எதையோ திருகினாள்.

சிவப்பாக ஒரு வளையம் வந்தது. அதற்குள்ளே இன்னொரு வளையம். நடுவில் சின்னதாக ஒரு ஓட்டை. ஒவ்வொரு அறையும் தனித்தனியாக, பளபளவென்று, எந்தப் புத்தகத்திலும் இல்லாத மாதிரி. தெரியுதா புள்ள, தெரியுதா என்று அவள் என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தாள். நான் கண்ணை எடுக்கவே இல்லை. என்னுடைய ரெக்கார்டு நோட்டில் நாற்பது படம் இருக்கிறது. நாற்பதிலும் டீச்சர் கையெழுத்து இருக்கிறது. இரண்டு வருடத்தில் நான் மைக்ராஸ்கோப்பில் உண்மையாகவே பார்த்தது அந்த மிளகுக்கொடி ஒன்றைத்தான்.